ஒரு லிட்டர்

லாண்டரியின் பின்வாசலில் ஒரு தராசு இருந்தது. ஓட்டல்களிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் அழுக்கு மூட்டைகளை நிறுப்பதற்கானது. தரையோடு பதிந்த இரும்புப் பலகை, சுவரில் வட்டமான கண்ணாடி முகம், அதற்குள் ஒரு முள். அங்கே வேலை செய்த பெண்கள் எல்லாரும் ஒருமுறையாவது அதில் ஏறிச் சிரித்திருக்கிறார்கள். ரோலர் பிரிவில் இருந்த அவள் மட்டும் பத்தொன்பது வருடங்களில் ஒருநாளும் ஏறியதில்லை. மூட்டையைப் பலகைமேல் தள்ளிவிட்டு அதைச் சுற்றிக்கொண்டு நடந்துபோவாள்.

அந்தத் திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். முள் ஆடி ஆடி தொண்ணூற்றொன்றில் நின்றது.

"மூட்டையை இறக்கிட்டு ஏறக் கூடாதா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ரோலரில் அவளோடு ஜோடியாக நிற்பவள். எல்லாரும் நெட்டை என்றே கூப்பிடுவார்கள்.

"மூட்டையே நான்தான்" என்றாள் அவள். நெட்டை சிரிக்கவில்லை. எதற்காக ஏறினாள் என்பது அவளுக்குத் தெரியும். எழுபத்தெட்டுக்கு வரவேண்டும். வந்தால் அவளுடைய ஒரு சிறுநீரகத்தை எடுத்து அவள் தம்பிக்கு வைப்பார்கள்.

இருவரும் போய் ரோலரின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஈரமான விரிப்பின் இரண்டு மூலைகளை அவள் பிடிக்க, மற்ற இரண்டு மூலைகளை நெட்டை பிடிக்க, ஒரு உதறு உதறி உருளைகளுக்கு நடுவே கொடுப்பார்கள். ஆவி முகத்தில் அடிக்கும். விரிப்பு மறுபக்கம் சூடாக, விறைப்பாக வெளியே வரும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்புகள். ஒருத்தி நகர்ந்தால் மற்றவள் கைகட்டி நிற்கவேண்டும், இயந்திரமும் நிற்கவேண்டும். அதனால் இரண்டு பேரும் சேர்ந்தே சாப்பிடப் போவார்கள், சேர்ந்தே ஒதுங்கப் போவார்கள். நெட்டை ஒன்று, அவள் பூஜ்யம், பக்கத்தில் நின்றால் பத்து என்று மேஸ்திரி ஒருநாள் சொன்னதிலிருந்து அந்த ரோலருக்கே பத்து என்று பெயர் விழுந்துவிட்டது. அவளும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேசுவாள். பிறர் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவது அவள் சிறுவயதிலிருந்து கற்று வைத்திருந்த பாடம்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. உடம்புதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், ஒரு வயதுக்குமேல் அவளும் அதை நம்பினாள். தன் உடம்பை அவள் ஒரு வாடகை வீட்டைப்போல வைத்திருந்தாள். கழுவித் துடைத்தாள், துணி போட்டாள், வேலைக்கு அனுப்பினாள். அதோடு வேறு பேச்சுவார்த்தை இல்லை.

அப்படிப்பட்ட உடம்பைப் பற்றித்தான் மூன்று வாரங்களுக்கு முன் சிறுநீரக டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு, எல்லாம் பொருந்துகிறது என்று சொன்னார். ரத்தம் பொருந்துகிறது. திசு பொருந்துகிறது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. எடை மட்டும்தான் தடை. அறுவைக்கு இந்த எடை ஆபத்து, குழு ஒத்துக்கொள்ளாது. ஆறு மாதத்தில் பதின்மூன்று கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே வார்த்தைதான் காதில் கேட்டது. பொருந்துகிறது. இத்தனை வருடமும் இந்த உடம்புக்குள்ளே ஒரு நல்ல செய்தி இருந்திருக்கிறது, தான்தான் பிரித்துப் படிக்காமல் இருந்துவிட்டோம் என்று தோன்றியது. பேருந்தில் இடுப்பின்மேல், பின்பக்கமாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். எந்தப் பக்கத்து சிறுநீரகத்தை எடுப்பார்கள் என்று கேட்க மறந்துவிட்டது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தான். அவளைவிட எட்டு வயது சின்னவன். உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் இறங்கி, தலைக்குமேல் தொங்கும் பெட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை பார்ப்பவன் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் கிடக்க வேண்டும். மற்ற நாட்களில் வீட்டு முன்னறையில் மேசை போட்டு, அக்கம்பக்கத்தாரின் பழுதான மின்விசிறிகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஊசி போடுவதற்காகக் கையில் செய்த ரத்தக்குழாய் இணைப்பு இரண்டு முறை அடைத்துப்போய், இப்போது கழுத்தில் குழாய். கழுத்துக் குழாயை ரொம்ப நாள் நம்ப முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் மனைவியின் ரத்தம் சேரவில்லை. அவள் ஒரு செருப்புக்கடையில் வேலை பார்த்தாள். மூன்று பேரும் ஒரே வீடு, இரண்டு அறை.

அந்த வீட்டில் தண்ணீர் கண்ணில் படாது.

அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் கணக்கு. காப்பி, குழம்பு, மாத்திரை விழுங்குவது எல்லாம் அதற்குள். சிறுநீர் போகாத உடம்புக்குள் அதற்குமேல் போனால் நெஞ்சில் போய்த் தேங்கும். அவன் மனைவி காலையில் ஒரு பாட்டிலில் நிரப்பி மேசையில் வைப்பாள். அதுதான் வீட்டில் வெளிப்படையாகத் தெரியும் ஒரே தண்ணீர். மெஷின் தொடங்கிய முதல் மாதத்தில் ஒருநாள் அக்கா வேலையிலிருந்து வந்து, சமையலறை வாசலில் நின்று ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். குடித்துவிட்டுத் திரும்பினால் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். உடனே கையிலிருந்த திருப்புளியைப் பார்த்துக் குனிந்துகொண்டான். ஆனால் அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் பேசி முடிவு செய்யவில்லை. குளிர்பெட்டியிலிருந்த பாட்டில்கள் காணாமல் போயின. டம்ளர்கள் அலமாரிக்குள் போயின. பெண்கள் இரண்டு பேரும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயை மெல்லிசாகத் திறந்து குடித்தார்கள். உப்பு ஜாடியும் வீட்டைவிட்டுப் போயிற்று. உப்பு தின்றால் அவனுக்குத் தாகம் கூடும். ஒரே அடுப்பு, ஒரே சமையல், மூன்று பேருக்கும் உப்பில்லாத சாப்பாடு. எலுமிச்சை பிழிந்து, மிளகு தட்டிப்போட்டுச் சமாளித்தார்கள். முதல் மாதம் வாயில் வைக்க முடியவில்லை. பிறகு நாக்கு மறந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் எடை குறைக்க வழி சொல்லித்தரும் பெண்ணிடம் அனுப்பினார்கள். முப்பது வயதுகூட இருக்காது. கரும்பலகை இல்லாத குறைதான், அப்படித்தான் பேசினாள். அக்கா அவளை முதல் நாளே டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். சோறும் ரொட்டியும் இனிப்பும்தான் குறைய வேண்டியவை, முட்டை, மீன், கோழி, கீரை, காய் தாராளமாகச் சாப்பிடலாம் என்றாள் டீச்சர். ஆனால் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. முதல் வாரம் சோற்றைப் பாதியாக்குங்கள், அடுத்த இரண்டு வாரத்தில் கால் பங்கு. நடையும் அப்படித்தான். முதலில் இருபது நிமிடம், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கிற வேகம்.

"நாள் முழுக்க நின்னுகிட்டேதான் வேலை பாக்கிறேன் டீச்சர். இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?"

"அது மொதலாளிக்காகப் பண்றது. இது உங்களுக்காக" என்றாள் டீச்சர். எனக்காகவும் இல்லையே என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

டீச்சர் கடைசியாகச் சொன்னதை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள்.

"சோறைக் குறைச்சதும் மொதல்ல கொழுப்பு போகாது. உடம்புல இருக்கிற தண்ணியும் உப்பும்தான் போகும். நீங்க வேற ஆவியில வேலை பாக்கிறீங்க. அதனால மூணு லிட்டர் தண்ணி. ஒரு நாளைக்கு ஒரு கப்பாவது உப்பு போட்ட சூப். கால் பிடிச்சு இழுத்தா, தலை சுத்தினா, நேரா என்கிட்ட வாங்க. நீங்களா வலி மாத்திரை போடாதீங்க. உங்க கிட்னியை நாம பொத்திப் பொத்தி வச்சுக்கணும், புரியுதா?"

புரிந்தது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி மெஷினிலிருந்து திரும்பிப் படுத்திருந்தான். முகம் சாம்பல் நிறம். கழுத்துக் குழாயில் அன்றைக்கு ரத்தம் சரியாக வரவில்லை என்று அவன் மனைவி சமையலறையில் மெதுவாகச் சொன்னாள். அக்கா மேசையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். முக்கால் பாட்டில் அப்படியே இருந்தது. ராத்திரிக்கு என்று மிச்சம் பிடித்து வைத்திருந்தான்.

ஆறு மாதம் என்று டாக்டர் சொன்னதை அவள் அந்த நிமிடத்தில் பாதியாக்கினாள். அடுத்த நாளிலிருந்து சோறே இல்லை. ரொட்டி இல்லை, பழம் இல்லை, பால்கூட இல்லை. காலையில் இரண்டு முட்டை, மதியம் வேகவைத்த கோழியும் கோஸும், ராத்திரி கீரை. எல்லாம் உப்பில்லாமல். விடிந்ததும் மைதானத்தைச் சுற்றி ஒரு மணி நேரம். பேசிக்கொண்டே நடக்கிற வேகமெல்லாம் இல்லை, பின்னால் நாய் துரத்துகிற வேகம்.

தண்ணீர் விஷயம் அவள் திட்டமிட்டுச் செய்ததல்ல. மூன்று லிட்டர் குடிப்பதென்றால் வீட்டில் எத்தனை தடவை குளியலறைக்குள் போவது? லாண்டரியிலோ இயந்திரம் நிற்கும். முதல் நாள் அப்படித்தான் விட்டுப்போயிற்று. இரண்டாம் நாள் மைதானத்தில் நாக்கு வறண்டு, குழாயடிக்குப் போய்க் கையை ஏந்தினாள். ஏந்திய கையில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. அவனுக்கு இப்படித்தானே இருக்கும், எந்த நேரமும், என்று தோன்றியது. கையை விரித்து விட்டுவிட்டாள். அவனுடைய ஒரு லிட்டர் தனக்கும் போதும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததும் உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. சிறுநீரகத்தைக் கொடுக்க இன்னும் நாள் இருந்தது. தாகத்தை இன்றே கொடுக்கலாம். அது யாருக்கும் போய்ச் சேராத தானம் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை. வறண்ட நாக்கோடு தம்பியின் எதிரே உட்கார்ந்திருந்த சாயங்காலங்களில், இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்க்க அவளால் முடிந்தது.

முதல் வாரத்தில் நான்கரை கிலோ குறைந்தது. லாண்டரித் தராசில் நெட்டையைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். டீச்சரிடம் போனபோது டீச்சரின் முகம் மலரவில்லை. இது தண்ணீர் எடை, இவ்வளவு வேகம் வேண்டாம் என்றாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

"குடிக்கிறேன் டீச்சர்."

"எவ்வளவு?"

"நீங்க சொன்ன அளவு."

டீச்சர் எழுதிக்கொண்டாள். அக்கா பொய் சொல்கிறவள் அல்ல. வேலை இடத்தில் ஒரு தலையணை உறை காணாமல் போனால்கூட, தான் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே மேஸ்திரி நம்பிவிடுவார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் டீச்சரும் நம்பினாள்.

நான்காவது வாரத்தில் கால் இழுக்க ஆரம்பித்தது. கெண்டைக்கால் கல்லாக இறுகிக்கொள்ளும். தலை இரண்டு பக்கமும் தெறிக்கும். டீச்சரிடம் சொன்னால் நடையை நிறுத்தச் சொல்வாள், சோறு சாப்பிடச் சொல்வாள் என்று பயம். நெட்டை தன் மூட்டுவலிக்கு வைத்திருந்த மாத்திரை அட்டையிலிருந்து இரண்டைக் கிழித்துக் கொடுத்தாள். போட்டதும் வலி விட்டது. அதற்குப் பிறகு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அட்டை தீர்ந்தபோது அவளே வாங்கிக்கொண்டாள். டீச்சர் எழுதிக் கொடுத்த தாள் பையில்தான் இருந்தது. கடைக்காரரிடம் சில்லறை எடுக்கும்போது அது விரலில் பட்டது. இன்னும் சில வாரம்தானே என்று நினைத்தாள்.

எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள். சட்டை தொளதொளத்தது. நெட்டை, இனி அந்த ரோலருக்குப் பதினொன்று என்று பேர் வைக்க வேண்டியதுதான் என்றாள். தம்பி ஒருநாள் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சுக்கா. எனக்காக நீ இல்லாம போயிடாத."

"உனக்குக் குடுத்ததுபோக மிச்சம் இருப்பேன்டா" என்றாள். அவன் சிரித்தான். அவன் மனைவியும் சிரித்தாள். அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் இரண்டு சுற்று கூடுதலாக நடக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

ஒன்பதாவது வாரம் வியாழக்கிழமை, காலை வேலை தொடங்கும் முன் தராசில் எழுபத்தொன்பது. ஒரு கிலோ பாக்கி. வெயில் நாள். கூரைத் தகடு காய்ந்து, ரோலரின் ஆவியும் சேர்ந்து அறை கொதித்தது. நூறாவது விரிப்போ நூற்றிருபதாவதோ. நெட்டை தன் பக்கத்து மூலைகளை உதறிக் காத்திருந்தாள். எதிர்ப்பக்கம் உதறல் வரவில்லை. அவள் விரிப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஏதோ யோசிக்கிறவள்போல நின்றாள். பிறகு விரிப்போடு சேர்ந்து மடிந்து தரையில் உட்கார்ந்தாள். இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று நெட்டையின் மடியில் படுத்துக்கொண்டு அப்போதுதான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். பையிலிருந்த டீச்சரின் தாளும் மாத்திரை அட்டையும் வெளியே வந்தன; தண்ணீர் குடிக்காததையும் டாக்டரிடமும் தம்பி மனைவியிடமும் ஒத்துக்கொண்டாள். கைவழியாகத் தண்ணீரும் உப்பும் சொட்டுச் சொட்டாக ஏறின. ரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் எந்த எண் தம்பிக்கு ஏறிக்கொண்டே போனதோ அதே எண் அவளுக்கும் ஏறியிருந்தது. நாலாம் நாளிலிருந்து இறங்கத் தொடங்கியது. ஆனால் முழுக்க இறங்கவில்லை. மூன்று மாதம் கழித்து எல்லாப் பரிசோதனையும் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் டாக்டர். அவளுக்கு ரத்த அழுத்தம் குறைந்து மயக்கம் வந்தது என்று மட்டும் தம்பியிடம் சொல்லி வைத்தார்கள்.

அந்த மூன்று மாதமும் அவள் சொன்னபடி கேட்டாள். அரைக்கப் சோறு சாப்பிட்டாள். லாண்டரியில் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு இயந்திரத்தை நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். கடைவாசலில் உப்பு போட்ட சூப் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மாத்திரையைத் தொடவில்லை. மெதுவாக நடந்தாள். டீச்சர் முதல் நாள் சொன்னதை வரிவரியாகச் செய்தாள். எடை தானாகவே எழுபத்தேழுக்கு வந்து நின்றது. இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிடுவாள்.

மூன்று மாதம் கழித்து, தம்பி மெஷினுக்குப் போகாத ஒரு நாளில், அவளும் தம்பி மனைவியும் டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவர் தாள்களை இரண்டு முறை பார்த்தார். கொஞ்சம் மீண்டிருக்கிறது, ஆனால் வடு விழுந்துவிட்டது, சிறுநீரில் புரதம் கசிவது நிற்கவில்லை என்றார். தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்த சிறுநீரகத்தின்மேல் வலி மாத்திரை இத்தனை வாரம் விழுந்தால் இப்படித்தான் ஆகும் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எடை சரியா வந்துடுச்சே டாக்டர்" என்றாள் அவள்.

அவர் தாளை மூடினார். "இனிமே உங்களுக்கே ரெண்டும் வேணும்மா."

வெளியே நீளமான பெஞ்சு. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். எதிர்ச்சுவரில் யாரோ ஒரு குழந்தையின் படத்தை ஒட்டி, கை கழுவுவது எப்படி என்று எழுதியிருந்தார்கள். தம்பி மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையைத் திருப்பாமல் கேட்டாள்.

"ஏன் அண்ணி குடிக்கல?"

அவள் மடியிலிருந்த பரிசோதனைத் தாள்களை அடுக்கினாள்.

"கேக்கிறேன்ல. மூணு லிட்டர் குடிக்கணும்னு அந்த டீச்சரம்மா எழுதியே குடுத்திருக்கு. ஏன் குடிக்கல?"

"அவன் தாகமா இருக்கும்போது எப்படி..."

"நானும் அதே வீட்லதான் இருக்கேன்" என்றாள் தம்பி மனைவி. குரல் உயரவில்லை. "நானும் பாத்ரூம்லதான் குடிச்சேன். ஆனா குடிச்சேன். ஒவ்வொரு தடவையும் பாவம் பண்ற மாதிரிதான் இருந்துச்சு. இருந்தும் குடிச்சேன். எனக்கு ஏதாவது ஆனா அவரை யாரு பாக்கிறது? நீங்க அவருக்காகத் தாகமா இருந்தீங்க. அவருக்கு உங்க தாகமா வேணும்? அது வேணும்னு யாரு கேட்டா?"

அதற்கான பதில் அவளுக்குள்ளே இருந்தது. யாருக்கும் எதுவும் கொடுக்க முடியாத வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் திடீரென்று ஒன்று கேட்கப்பட்டபோது, கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்துக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவ்வளவுதான். அந்த ஆசைக்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டாள். அன்பும்தான் இருந்தது. ஆனால் அது மட்டும் இருந்திருந்தால் நிதானமாக இருந்திருக்கும்.

தம்பி மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவர்கிட்ட என்ன சொல்றது?" என்றாள். "உள்ளதைச் சொன்னா, தன்னாலதான் உங்களுக்கு இப்படின்னு ஆயிடும். அப்புறம் மெஷினுக்கே வரமாட்டேன்னுடுவார்."

பேருந்து ஏறி வீட்டுக்கு வந்தார்கள்.

தம்பி முன்னறையில் ஒரு மேசை விசிறியின் மோட்டாரைப் பிரித்து வைத்திருந்தான். செப்புக் கம்பி மேசையெல்லாம் சுருள் சுருளாகக் கிடந்தது. இரண்டு பேர் முகத்தையும் பார்த்தவுடன் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"ஆகாதுன்னுட்டாங்களா?"

அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்கே கிட்னி கொஞ்சம் மோசமாம்டா. ரொம்ப நாளாவே உள்ளுக்குள்ள இருந்திருக்காம். மொதல் டெஸ்ட்ல தெரியல. இப்பதான் தெரிஞ்சுதாம்."

சொல்லிவிட்டுத் தம்பி மனைவி பக்கம் பார்க்காமல் இருந்தாள். சமையலறை வாசலில் நின்றிருந்தவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுடைய புருஷனின் உயிர், அவளுக்குச் சொல்ல உரிமை இருந்தது. விசிறிக் கடைபோல அறை முழுக்க அசையாத இறக்கைகள்.

"ஆமாங்க" என்றாள் தம்பி மனைவி. "டாக்டர் அதைத்தான் சொன்னார்."

அவன் செப்புக் கம்பியை விரலில் சுற்றினான், அவிழ்த்தான். அழுவான் என்று அக்கா நினைத்தாள். கோபப்படுவான் என்றும் நினைத்தாள். அவன் முகம் மெல்ல மெல்ல வேறு மாதிரி ஆயிற்று. கட்டடத்தில் சிக்கிக்கொண்ட லிஃப்டைத் திறந்து ஆட்களை வெளியே கொண்டுவந்த நாட்களில் வீட்டுக்கு வரும்போது அவனுக்கு அப்படி ஒரு முகம் இருக்கும்.

"அப்போ எனக்காக டெஸ்ட்டு எடுக்கப் போனதாலதான் உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"ம்."

"இல்லேன்னா தெரிஞ்சிருக்காது. என்னை மாதிரி எல்லாம் முடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சிருக்கும்."

"ம்."

"அதுவும் ஒண்ணை எடுத்து எனக்கு வச்சிருந்தாங்கன்னா..." எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தான். கை லேசாக வீங்கியிருந்தது. "தப்பிச்சேக்கா நீ. எனக்கு வந்தது உனக்கு ஒரு உபகாரம் பண்ணியிருக்கு பாரு. ரெண்டு வருஷமா இது எதுக்கு வந்துச்சு, எதுக்கு வந்துச்சுன்னு கேட்டுகிட்டே இருந்தேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் சமையலறைக்குள் போனான். அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு வந்து அவள் முன்னால் வைத்தான்.

"இருக்கிறதைக் காப்பாத்திக்கணும். நல்லா தண்ணி குடிக்கணும் நீ. பாத்ரூம்ல போய் ஒளிஞ்சு குடிக்கிற வேலையெல்லாம் இனிமே வேணாம்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்று சிரித்தான். "குழாய் சத்தம் இங்க வரைக்கும் கேக்குமே. கதவைச் சாத்தினா மட்டும் கேக்காதா? கேக்கும்போது எனக்கும் கொஞ்சம் குடிச்ச மாதிரி இருக்கும். நடுவுல கொஞ்ச நாளா உன் சத்தமே கேக்கல. அக்கா லாண்டரியிலேயே குடிச்சிட்டு வந்துடுது போலன்னு நெனச்சேன்."

அவள் டம்ளரை எடுத்தாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் தொண்டை அசைவதைப் பார்க்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். தம்பி மனைவி சமையலறைக்குள் போய் எதையோ தேய்க்கத் தொடங்கினாள். ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தையே.

அதற்கடுத்த சனிக்கிழமை அவனை மெஷினுக்குக் கூட்டிப்போக அவள்தான் வந்தாள். அவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சீட்டு வாங்கக் கீழே போய்த் திரும்பினாள். வார்டில் வரிசையாகப் பத்து நாற்காலிகள், நடுநடுவே பச்சைத் திரை. அவனுடைய பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். இரண்டு வருடமாக ஒரே நாள், ஒரே நேரம். இரண்டு பேர் ரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் போய் வந்துகொண்டிருந்தது. மாற்று அறுவை என்ன ஆயிற்று என்று தபால்காரர் கேட்டிருப்பார்போல. திரைக்கு இந்தப் பக்கம் வரும்போது தம்பியின் குரல் கேட்டது.

அது நடக்காது சார் என்றான். பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டிருக்கிறார்கள், வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்றான். களைப்பில் பேச்சு சற்று இழுத்தது. இருந்தும் அவன் நிறுத்தவில்லை. அக்காவுக்கு உள்ளே இருந்த நோயைப் பற்றிச் சொன்னான். யாருக்குமே தெரியாமல் இருந்ததைச் சொன்னான். தனக்காகப் பரிசோதனைக்கு வந்ததில் அது அகப்பட்டுக்கொண்டதைச் சொன்னான். நடுவே தாதி வந்து ரத்த அழுத்தம் பார்த்துப் போனாள். அவள் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். தபால்காரர் அடடா, அடடா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க அக்காவை நான்தான் சார் காப்பாத்தினேன்" என்றான் தம்பி.

அவள் திரைக்கு வெளியே, கையில் சீட்டோடு, அவன் சொல்லி முடிக்கும்வரை நின்றிருந்தாள். பிறகு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"இதோ அக்காவே வந்தாச்சு" என்று தபால்காரர் நிமிர்ந்து உட்கார முயன்றார். "இப்பதான் சொன்னார் தம்பி. நிஜமாம்மா?"

தம்பி அவளையே பார்த்தான். சாம்பல் பூத்த அந்த முகத்தில் பெருமை அப்படியே எழுதியிருந்தது.

"ஆமா சார்" என்றாள் அவள். "அவனாலதான் நான் இருக்கேன்."